வேன் கூரையில் ஏறிய துப்பாக்கி

பல ஆண்டுகளுக்கு முன்பு, நிருபர் வேலையில் இருந்த காலத்தில், ஒரு மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் கலவரத் தடுப்பு ஒத்திகை பார்த்தேன். காவலர்களில் பாதிப் பேர் லுங்கியை மடித்துக் கட்டி ‘பொதுமக்கள்’ ஆகியிருந்தார்கள். அவர்கள் கோஷம் போட்ட வேகத்தைப் பார்த்தால், மேலதிகாரிகள் மீது மனதில் கிடந்ததையெல்லாம் அன்றைக்கே இறக்கிவைத்தார்களோ என்று தோன்றியது. எதிரே மீதிப் பேர் வரிசை கட்டி நின்றார்கள். முன்னால் லத்தியும் பிரம்புக் கேடயமும் பிடித்தவர்கள். அடுத்து கண்ணீர்ப்புகைக் குழு. ஒரு பியூகிள்காரர். கலைந்து போகாவிட்டால் சுடப்படும் என்ற எச்சரிக்கைத் துணியை இருவர் விரித்துப் பிடித்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஏட்டு ஒருவர் தாசில்தாராக நடித்தார். ஸ்ட்ரெச்சருடன் முதலுதவிக்காரர்கள். துப்பாக்கி வைத்திருந்த சிலர் எல்லாருக்கும் பின்னால்தான் நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக ஒரு காவலர். எத்தனை மணிக்கு யார் என்ன உத்தரவு கொடுத்தார், எத்தனை ரவுண்டு போனது என்று எழுதுவதுதான் அவர் வேலை.

பியூகிள் ஊதினார்கள். எச்சரித்தார்கள். புகை போட்டார்கள், லத்தியோடு பாய்ந்தார்கள். கடைசியில்தான் அதிகாரி ஒரு காவலரைக் குறிப்பிட்டு அழைத்து, ஒரு ரவுண்டு சுடச் சொன்னார். வெற்றுத் தோட்டா. ஒருவர் விழுந்தார். ‘கூட்டம்’ கலைந்தது. மறுபடியும் ஒரு முறை, அதே வரிசையில். எனக்கு அப்போது கொட்டாவி வந்தது. இத்தனை சடங்கு எதற்கு என்று நினைத்தேன்.

அந்தச் சடங்கு எதற்கு என்பது 2018 மே 22 அன்று புரிந்தது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆவது நாள். ஆயிரக்கணக்கானோர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். அன்று மாலை தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டிய காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. மஞ்சள் டி-ஷர்ட் அணிந்த ஒருவர் போலீஸ் வேனின் கூரை மேல் பதுங்கி நகர்ந்து, ரைபிளை நீட்டிக் குறி பார்க்கிறார். சீருடை இல்லை. எச்சரிக்கைத் துணி எதுவும் அந்தச் சட்டகத்தில் இல்லை. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் எழுதியது: 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்தது, அவர்களில் பாதிப் பேர் பின்னாலிருந்து சுடப்பட்டிருந்தார்கள்.

‘காவல் துறைக்கு ராணுவத் தளவாடம் வேண்டுமா’ என்று கேட்டால் நம் மனதில் கவச வண்டியும் கறுப்பு உடையும் வரும். தூத்துக்குடி வேன், திருவிழா பந்தோபஸ்துக்கு ஆள் ஏற்றிப் போகும் சாதாரண வேன். அன்று பயன்பட்ட துப்பாக்கிகளில் எஸ்.எல்.ஆர். இருந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு நம் தரைப்படைக்கு வந்து, 1990களில் இன்சாஸ் வரும்வரை அதன் தோளில் கிடந்த ரைபிள் அது. ராணுவம் கழித்துக்கட்டியது காவல் துறையின் ஆயுத அறைக்கு வந்து சேர்வது நம் ஊரில் வெகுகாலமாக நடக்கிறது. சில நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் எதிரிப் படைவீரனைக் கொல்வதற்காகச் செய்த 7.62 மில்லிமீட்டர் குண்டு, ஆட்சியர் அலுவலகச் சாலையில் போனால் எங்கே போய் நிற்கும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இதைச் சொன்னவுடன் காவல் துறை நண்பர்கள் ஒரு பெயரை எடுத்து வைப்பார்கள். அதை எடுத்து வைக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. துக்காராம் ஓம்ப்ளே. 2008 நவம்பர் 26 இரவு, மும்பை கிர்காவ் சௌபாத்தியில் பயங்கரவாதி அஜ்மல் கசாப்பின் ஏ.கே.47 துப்பாக்கிக் குழாயை வெறும் கையால் பற்றிக்கொண்ட காவலர். உடலில் குண்டுகள் இறங்கிய பிறகும் விடவில்லை. அவர் கையில் இருந்தது லத்தி. அதற்குச் சற்று முன்பு சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் 50க்கும் மேற்பட்டோர் செத்து விழுந்தபோது, அங்கிருந்த ரயில்வே காவலர்களிடம் இருந்தவை லத்திகளும் .303 ரைபிள்களும். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய, உலகப் போர்க் கால வடிவமைப்பு. பயங்கரவாதத் தடுப்புப் படையின் தலைவர் ஹேமந்த் கர்கரே இறந்தபின் அவருடைய குண்டு துளைக்காத உடுப்பே காணாமல் போனது. அது என்ன ஆயிற்று என்று அவருடைய மனைவி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டிவந்தது. ஹரியானாவின் மானேசரிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படை மும்பை வந்து சேர மறுநாள் காலை ஆகிவிட்டது.

ஓம்ப்ளேவுக்கு அசோகச் சக்கரம் கொடுத்தோம். அது அவருக்குக் கிடைத்த மரியாதை என்றாலும், அரசுக்கு அது ஒரு குற்றப்பத்திரிகையும்கூட. லத்தியோடு ஒருவரை ஏ.கே.47 முன்னால் நிறுத்தியது யார்?

ஆக, காவல் துறைக்கு வலுவான ஆயுதமே கூடாது என்பவர்கள் சௌபாத்திக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் வேண்டும் என்பவர்கள் தூத்துக்குடிக்கு. என் பதில் இவ்வளவுதான்: கருவியை வாங்கலாமா என்பதோடு, அது எந்த அறையில் இருக்கும், எந்தக் காரியத்துக்கு மட்டும் வெளியே வரும், யார் கையெழுத்தில் வரும் என்ற கேள்விகளையும் வாங்கும் நாளிலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும். எழுதிவைக்காத கருவி, இருக்கும் இடத்தைவிட்டு நகர்ந்துகொண்டே போகும். பயங்கரவாதிக்கென்று வாங்கியது ஒருநாள் மீனவப் பெண்ணின் முன்னால் நிற்கும்.

இந்த நகர்வை மிகத் தெளிவாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் அமெரிக்கா. அங்கே ‘1033 திட்டம்’ என்று ஒன்று. 1997ஆம் ஆண்டுப் பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் பிரிவு எண்தான் அந்தப் பெயர். ராணுவத்துக்குத் தேவைப்படாத பொருட்களை உள்ளூர்க் காவல் துறைகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கொண்டுபோகும் செலவும் பராமரிப்பும் மட்டும் அவர்களுடையது. நாற்காலி, மேசை, ஜெனரேட்டர் தொடங்கி கண்ணிவெடி தாங்கும் கவச வண்டிவரை. 8,000க்கும் மேற்பட்ட காவல் அமைப்புகள் சேர்ந்தன. போன பொருட்களின் மூல விலை 700 கோடி டாலரைத் தாண்டியது. ஈராக்கில் சாலையோரக் குண்டுகளுக்காகச் செய்த வண்டிகள், வருடத்தில் ஒரு கொலைகூட நடக்காத சிற்றூர்களின் காவல் நிலைய வாசலில் வந்து நின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிக் கல்வி மாவட்டத்தின் காவல் பிரிவு குண்டு ஏவிகள் வாங்கி வைத்திருந்தது. 2014இல் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் அதை வைத்து என்ன செய்ய நினைத்தார்களோ.

2017இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு வேலை செய்தது. இல்லாத ஒரு காவல் அமைப்பின் பெயரில் விண்ணப்பம் போட்டது. இருட்டில் பார்க்கும் கண்ணாடி, பயிற்சி ரைபிள், போலிக் குழாய்க்குண்டு என்று 100க்கும் மேற்பட்ட பொருட்கள், 12 லட்சம் டாலர் மதிப்புக்கு, கைக்கு வந்து சேர்ந்தன. நம்மூரில் போலி ரேஷன் கார்டுக்குக்கூட இதைவிட அலைய வேண்டும்.

ஆனால் எனக்கு அந்தத் திட்டத்தில் முக்கியமாகப் படுவது சின்ன எழுத்தில் இருந்த ஒரு விதி. வாங்கிய பொருளை ஓராண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வீணாகக் கிடக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கவச வண்டி வந்துவிட்டால், அதற்கொரு வேலை தேடியாக வேண்டும். பிணைக்கைதி மீட்புக்கும் வங்கிக் கொள்ளைக்கும் என்று உருவான ‘ஸ்வாட்’ குழுக்கள், போதைப்பொருள் சோதனைக்காக விடிகாலையில் வீட்டுக் கதவை உடைக்கும் குழுக்களாக மாறியதில் இதற்கும் பங்கு உண்டு. தேவை முதலில் வந்து கருவி பின்னால் வர வேண்டும். அங்கே கருவி முதலில் வந்தது.

2014 ஆகஸ்டில் மிசௌரி மாநிலத்தின் பெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது வந்த படங்களில் ஒன்று: கவச வண்டியின் கூரை மேல் ஒரு காவலர், முக்காலியில் ரைபிளை நிறுத்தி, குறிக்கண்ணாடி வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்தைக் கண்காணிக்கத் துப்பாக்கியின் குறிக்கண்ணாடியைப் பயன்படுத்தியது தவறு, அது கொதிப்பைக் கூட்டியது என்று அந்நாட்டு நீதித் துறையின் ஆய்வறிக்கையே பின்னர் சொன்னது. நான்கு ஆண்டுகள் கழித்துத் தூத்துக்குடி. வேறு நாடு, வேறு வண்டி. கூரை மேல் ஏறும் யோசனை மட்டும் ஒன்று. அங்கே குறி மட்டும் பார்த்தார்கள்.

பெர்குசனுக்குப் பிறகு ஒபாமா 2015இல் குண்டு ஏவி, துப்பாக்கி முனை ஈட்டி, சங்கிலிச் சக்கரக் கவச வண்டி போன்றவற்றைத் தடைசெய்தார். டிரம்ப் 2017இல் தடையை நீக்கினார். பைடன் 2022இல் மீண்டும் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 2025இல் டிரம்ப் அதையும் எடுத்துவிட்டார். இவ்வளவு இழுபறிக்கும் நடுவே, தளவாடம் குற்றத்தைக் குறைத்ததா? குறைத்தது என்று 2017இல் சில ஆய்வுகள் வந்தன. அவை நம்பிய அரசுத் தரவுகளே ஓட்டையானவை, சரிசெய்து பார்த்தால் அந்தப் பலன் காணவில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மக்கள் மனதில் காவல் துறையின் மதிப்பு இறங்குகிறது என்பதைத்தான் ஜொனாதன் மம்மோலோ 2018இல் செய்த ஆய்வு சற்று உறுதியாகச் சொன்னது.

துணிச்சலைக் கருவி தருமா என்ற கேள்விக்கும் அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது; அது கசப்பான பதில். 2022 மே 24, டெக்சாஸின் உவால்டி. தொடக்கப்பள்ளி வகுப்பறைக்குள் 18 வயதுக் கொலையாளி ஒருவன். வெளியே சேர்ந்தது மொத்தம் 376 அதிகாரிகள். ரைபிள், கேடயம், தலைக்கவசம், உடுப்பு எல்லாம் இருந்தன. அவன் நுழைந்ததிலிருந்து அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். லத்தியோடு பாய்ந்த ஓம்ப்ளேவையும் கேடயத்தோடு தாழ்வாரத்தில் நின்ற அந்தக் கூட்டத்தையும் ஒரே நினைவில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

நம் நாட்டுக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. காவலரிடம் ராணுவத் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று முதலில் கவலைப்பட்டவன் வெள்ளைக்காரன். மக்கள் மேல் கருணையால் இல்லை. 1857 சிப்பாய்க் கிளர்ச்சி கற்றுக்கொடுத்த பயத்தால். .303 ரைபிளின் குழாயை மாற்றி, சிறு ரவைகள் போட்டு ஒரு நேரத்தில் ஒரே தோட்டா சுடும் .410 மஸ்கட் ஆக்கி, காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுத்தான். அதன் தோட்டாவே வேறு. பின்னாளில் நம் ஆட்களே ஆட்சிக்கு வந்தபோது அந்தப் பயம் தேவையற்றதாகிவிட்டது. பயம் போன இடத்தில் வேறொரு விதி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், வரவில்லை.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் பேசுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129, 130ஆவது பிரிவுகள், இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் வேறு எண்களில் தொடர்கின்றன. கூட்டத்தைக் கலைப்பது முதலில் குடிமை அதிகாரியின், காவல் துறையின் பொறுப்பு. முடியாவிட்டால் மட்டுமே ராணுவத்தை அழைக்கலாம். அப்படி வரும் ராணுவமும் இயன்றவரை குறைந்த வலுவைத்தான் பயன்படுத்த வேண்டும், ஆளுக்கும் உடைமைக்கும் இயன்றவரை குறைந்த சேதமே வரவேண்டும். யோசித்துப் பாருங்கள்: எல்லையில் சண்டை போடும் படைக்கு, ஊருக்குள் வந்தால் கை அடங்கு என்கிறது சட்டம். ஊருக்குள்ளேயே இருக்கும் காவல் துறையோ எல்லைப் படையைப் போல உடுத்தப் பார்க்கிறது.

தூத்துக்குடியில் சட்டம் என்ன ஆனது என்பதை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல் துறை வரம்பு மீறியது என்றது. அன்றைய ஆட்சியர் மீதும் 17 காவல் துறையினர் மீதும் நடவடிக்கை கோரியது. அதில் ஒரு விவரம் என்னை விட்டு அகலவில்லை. ஒரே காவலர் நான்கு இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 17 ரவுண்டு சுட்டிருக்கிறார். குறி தவறாதவரை இடம் இடமாக ஏற்றிப் போவது போர்க்களத்தில் செய்வது. ஒத்திகையில் நான் பார்த்த அந்தச் சடங்கில், சுடுபவர் இடம் மாறுவதேயில்லை. சுடச் சொன்னது துணை வட்டாட்சியர்கள் என்று முதல் தகவல் அறிக்கைகள் சொல்லின. வெள்ளைச் சட்டை ஏட்டு நடித்த பாத்திரம்.

கற்கள் பறந்ததையும் வாகனங்கள் எரிந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. காவலர்களும் அடிபட்டார்கள். அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது நல்ல தலைக்கவசம், முழங்கால் காப்பு, முகம் காக்கும் கண்ணாடி, போதுமான ஆள், முக்கியமாகத் தலைமை. இதில் எதுவும் யாரையும் கொல்லாது. ராணுவத் தளவாடம் என்ற ஒரே மூட்டையில் உடுப்பையும் ரைபிளையும் சேர்த்துக் கட்டுவதால்தான் விவாதம் குழம்புகிறது. உடலைக் காப்பதெல்லாம் காவலருக்கு இன்றைக்கே கொடுக்க வேண்டியது. அதற்கு விவாதமே தேவையில்லை. பிரம்புக் கேடயத்தோடு கல்வீச்சுக்கு நடுவே நிற்பவரிடம் பயம்தான் முதலில் வேலை செய்யும். பயந்தவர் கையில் இருப்பதைச் சுழற்றுவார்.

‘உயிர் போகாது’ என்ற முத்திரையோடு வருபவற்றிடம்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பேன். காஷ்மீரில் 2010இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த போராட்டங்களின்போது மாற்று வழியாக வந்தது பெல்லட் துப்பாக்கி. 2016இல் நூற்றுக்கணக்கானோரின் கண்ணில் அந்த ரவைகள் பாய்ந்தன, சிறுவர் சிறுமியர் உட்பட. உயிர் போகாது என்பதால் எடுப்பதற்கு யோசிப்பதில்லை. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் ஹரியானா காவல் துறை, டெல்லி நோக்கி வந்த விவசாயிகள் மேல் டிரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது. கூட்டத்தின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத தூரத்திலிருந்து போடுவது அதன் வசதி. அந்த வசதிதான் எனக்கு அச்சம் தருகிறது.

ஆயுத அறை நிறைந்திருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023இல் மணிப்பூர் இனக் கலவரத்தின்போது காவல் துறை ஆயுத அறைகளிலிருந்து ஏறத்தாழ 6,000 துப்பாக்கிகள் கொள்ளை போயின. இரு தரப்பும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள அரசே வாங்கி வைத்த துப்பாக்கிகள்.

ஒரு மறுப்பை நான் எளிதில் தள்ள மாட்டேன். கருவியில் என்ன இருக்கிறது, சாத்தான்குளத்தில் துப்பாக்கியே தேவைப்படவில்லையே என்று கேட்பார்கள். 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். லத்தி போதுமானதாக இருந்தது. 1992இல் வாச்சாத்தி பழங்குடிக் கிராமத்தில் நடந்த வன்கொடுமைக்கும் துப்பாக்கி தேவைப்படவில்லை. உண்மை. ரைபிளைப் பூட்டிவைத்தால் காவல் துறை திருந்திவிடும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் அடித்துக் கொல்ல ஒரு மூடிய அறையும் நெடுநேரமும் தேவைப்பட்டன. வேன் கூரையிலிருந்து கொல்ல ஒரு விரல் அசைவு போதும். திருந்தாத கைக்கு நீளமான ஆயுதம் கொடுப்பதற்குத் திருந்தாமை ஒரு வாதம் ஆகாது.

பிரிட்டனில் மிகப் பெரும்பாலான காவலர்கள் இன்றும் துப்பாக்கி இல்லாமல்தான் ரோந்து போகிறார்கள். அதனால் அவர்கள் கையாலாகாதவர்கள் ஆகவில்லை. 2017 ஜூன் 3 இரவு லண்டன் பாலத்தில் மூவர் கத்தியோடு மக்களைக் குத்தியபோது, முதல் அழைப்பு வந்த எட்டே நிமிடத்தில் ஆயுதக் காவலர்கள் வந்து மூவரையும் சுட்டு வீழ்த்தினார்கள். தனிப் பிரிவு, தனிப் பயிற்சி, தனி வண்டி, எந்நேரமும் தயார். மும்பைக்குப் பிறகு நாமும் அந்தப் பாதையில்தான் கால் வைத்தோம். சென்னை உட்பட நான்கு நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படை மையங்கள் 2009இல் வந்தன. மகாராஷ்டிரம் ‘போர்ஸ் ஒன்’ அமைத்தது. நல்ல ரைபிளும் இரவுக் கண்ணாடியும் அவர்களிடம் இருக்கட்டும், எங்கள் வரிப்பணத்தில், தாராளமாக. ஆனால் அந்தப் பிரிவை ஊர்வலத்துக்கும் முற்றுகைக்கும் அனுப்பக் கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கூட்டத்தைக் கலைக்கப் போகும் குழுவில், நீண்ட தூரம் பாயும் ரைபிள் இருக்கவே கூடாது. சீருடையும் பெயர்ப்பட்டையும் இல்லாதவர் கையில் எந்த ஆயுதமும் கூடாது. எந்த மாவட்டத்தின் ஆயுத அறையில் எந்த வகைக் கருவி எத்தனை இருக்கிறது, எத்தனை முறை, எந்தக் காரியத்துக்கு வெளியே போனது என்ற கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்லலாம். பயங்கரவாதிக்கு அதனால் எந்த ரகசியமும் தெரிந்துவிடாது.

கணக்கு என்றதும் மைதானத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒத்திகை முடிந்து டீ கேன் வந்தபிறகும் நோட்டு வைத்திருந்த காவலர் மட்டும் புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு ரவுண்டு போயிருந்தது. காலித் தோட்டா ஒன்றுதான் திரும்பி வந்திருந்தது. “இன்னொண்ணு எங்கப்பா?” என்றார். ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டார்கள். வெற்றுத் தோட்டாதானே, விடுங்கண்ணே என்று ஒருவர் சொன்னதற்கு, கணக்கில் ஏறியாச்சு, வெறுமனே விட முடியாது என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் புல்லில் தேட ஆரம்பித்தார்கள். லுங்கி கட்டியவர்களும் சீருடைக்காரர்களும் வரிசையாகக் குனிந்து, காலால் புல்லை விலக்கிக்கொண்டே போனார்கள். நான் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.